ஆமா சார்

நேரில் பேசுவதில் இசக்கிபாண்டியை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. நாங்குநேரிப் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் லாரிக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். லைனில் யாருக்காவது லீவு வேண்டுமென்றால், சூப்பர்வைசரிடம் கேட்க அவனைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவன் காதில் போனை வைத்து, மறுமுனையில் முகம் தெரியாத ஒருவர் ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ என்று கேட்டுவிட்டால் போதும், ஆள் அங்கேயே காலி. வயிற்றைக் கலக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொந்தப் பெயரையே மென்று விழுங்குவான்.

இது 2012ஆம் வருஷத்துச் சங்கதி. அந்தப் பக்கத்தில் அப்போது வேலை என்பது போனில்தான் வரும். ஆள் எடுக்கிறோம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் கேட்டில் கூட்டம் முண்டியடிக்கும் என்பதால், ஆள் பிடித்துத் தருகிற காண்ட்ராக்டர்கள் முதலில் போனில் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்கள். தேறினால் நேராக வேலைக்கு வரச் சொல்வார்கள். ஒப்பந்தமோ சில மாதங்களில் முடிந்துவிடும். முடிந்ததும் மறுபடி போன், மறுபடி ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’. அதனால் கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தூங்குவதில்லை, மனசுக்குள் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருப்பார்கள்.

இசக்கிபாண்டி விட்ட வேலைகளைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு தடவை “இசக்கிபாண்டிதானே?” என்று கேட்டதற்கு “ராங் நம்பர்” என்று சொல்லி வைத்துவிட்டான். இன்னொரு தடவை பேச்சே எழாமல் நின்றதில், அந்தப் பக்கத்து ஆள் ‘ஹலோ ஹலோ’ என்று கத்தி ஓய்ந்துபோனார். இருங்காட்டுக்கோட்டையில் அவன் இருந்த மாடி அறையில் உடனிருந்தவர்கள் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். தண்ணீர் குடி, எழுந்து நின்று பேசு, கண்ணாடியைப் பார்த்துப் பேசு என்றார்கள். கண்ணாடியைப் பார்த்தவன் தன் முகத்தில் இருந்த பயத்தைக் கண்டு இன்னும் பயந்தான்.

மருந்து கிடைத்தது தற்செயலாகத்தான். அறைத்தோழன் வானமாமலை குளித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய போன் அடித்தது. அவன் எதிர்பார்த்திருந்த இன்டர்வியூ நம்பர் என்று தெரிந்ததும், வந்த வேலை போய்விடக் கூடாதே என்று இசக்கிபாண்டி எடுத்து, “வானமாமலைதான் பேசுதேன் சார்” என்றான். அடுத்த பத்து நிமிஷமும் வெளுத்து வாங்கினான். நாக்கு ஒட்டவில்லை, வயிறு கலங்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு வந்த வானமாமலைக்கு வேலை தயாராக இருந்தது.

இசக்கிபாண்டிக்கே ஆச்சரியம். யோசித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது. தோற்றால் தோற்கப்போவது வானமாமலை, இவன் இல்லை. அடுத்தவன் பெயருக்குள் புகுந்துகொண்டால் பயம் இவனைத் தேடி வருவதில்லை. அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாருக்கு இன்டர்வியூ என்றாலும் போன் இவன் கைக்கு வந்தது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று பேசுவான். ஒரே ஒரு உத்தி வைத்திருந்தான். எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் ‘ஆமா சார்’ என்று ஆரம்பித்துவிடுவது. ‘இல்லை’ என்று ஆரம்பித்தால் குரல் இறங்கும், இறங்கினால் பயம் ஏறும். ‘ஆமா சார்’ என்று பிள்ளையார் சுழி போட்டுவிட்டால் மீதி தானாக வரும். பேசி முடித்த அன்று வேலை கிடைத்தவன் பரோட்டா வாங்கிக் கொடுப்பான். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. பஸ்ஸில் இடம் போட்டு வைக்கிற மாதிரி ஒரு ஒத்தாசை, அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் அவனுடைய சித்தப்பா மகன் பேச்சிராஜ் ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். ஒல்லியான பையன், ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டவன். பஸ் ஏற்றிவிட்ட அவன் அம்மா சொர்ணம்மாள், “உன்ன நம்பித்தாம்ய்யா அனுப்புதேன்” என்று இசக்கிபாண்டியிடம் போனில் அழுதாள். பேச்சிராஜுக்கு நேரில் பேசுவதற்கே வாய் திறக்காது, போனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவனுக்கு வந்த முதல் அழைப்பை எடுத்ததும் இசக்கிபாண்டிதான்.

பேசியவர் கார்முகில் என்ற காண்ட்ராக்டர். வல்லம் வடகாலிலேயே பிறந்து வளர்ந்தவர். கம்பெனிகள் கட்ட ஊர் நிலம் போனபோது மற்றவர்கள் வாட்ச்மேன் வேலை கேட்டு நின்றார்கள், அவர் கம்பெனிகளுக்கு ஆள் தருகிறவர் ஆனார்.

“இன்னாபா, பவர் பிரஸ்ல உக்காந்துகீறியா?”

“ஆமா சார். ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கேன் சார்.”

“தனியா ஓட்டுவியா? பக்கத்துல ஆள் நிக்கணுமா?”

“ஆமா சார், தனியாவே ஓட்டுவேன் சார்.”

வாய் அதுபாட்டுக்கு அள்ளிவிட்டது. பேச்சிராஜ் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். தகடு அடிக்கிற பவர் பிரஸ் மெஷினை அவன் தொட்டதில்லை என்பது மட்டுமல்ல, அது எப்படி இருக்கும் என்றே தெரியாது. போனால் யாராவது சொல்லிக் கொடுக்கத்தானே போகிறார்கள் என்று இருவரும் நினைத்தார்கள். வானமாமலைக்கு அப்படித்தான் நடந்தது. மற்றவர்களுக்கும் அப்படித்தான் நடந்தது.

பேச்சிராஜுக்கு நடக்கவில்லை. வல்லம் வடகாலில் இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற சின்னக் கம்பெனி அது. ரெண்டு வருஷம் ஓட்டியவன் என்று சொல்லியிருந்ததால், போன முதல் நாளே ஒரு பழைய மெஷினைக் காட்டி “உட்காரு” என்றுவிட்டார்கள். பக்கத்து மெஷின்காரன் செய்வதை ஓரக்கண்ணால் பார்த்து இவனும் செய்யத் தொடங்கினான். சாயங்காலம் அறைக்கு வந்தபோது சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

“எப்படில இருக்கு?” என்று இசக்கிபாண்டி கேட்டான்.

“நல்லாத்தாண்ணே இருக்கு. ஒரு கையாலதான் ஓட்டணும்ங்காவ.”

இசக்கிபாண்டிக்குப் பகீரென்றது. பிரஸ்ஸை அவனும் ஓட்டியதில்லை. ஆனால் ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறான். தகட்டை அச்சில் வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் உள்ள இரண்டு பொத்தான்களையும் இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே நிற்கிற பாரம் இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருப்பதால் அச்சுக்குள் மாட்ட வழியில்லை. பேச்சிராஜின் மெஷினில் ஒரு பொத்தானை எப்போதும் அமுங்கியே இருக்கும்படி டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அப்போதுதான் ஒரு கை பொத்தானிலும் மறு கை தகட்டிலுமாக வேலை ஓடும், டார்கெட்டும் ஏறும்.

“ஏல, அந்த டேப்ப பிச்சுப் போட்டுட்டு ஓட்டு.”

“பிச்சுட்டா எண்ணிக்க வராதுண்ணே. ரெண்டு வருஷம் ஓட்டுனவன் ஏம்ல இப்படி ஊர்ந்துக்கிட்டு இருக்கான்னு சூப்பர்வைசர் கேக்கான்.”

பிறகு பேச்சிராஜ் வேறொன்று சொன்னான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அங்கே டீ கொண்டுவருகிற கோவிந்தம்மா என்ற அம்மாள், மற்றவர்களுக்கு டம்ளரை மெஷின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாளாம். இவனுக்கு மட்டும் “ரெண்டு கையாலயும் வாங்கு நைனா” என்பாளாம். இவன் வாங்கும்போது விரல்களை உற்றுப் பார்த்துவிட்டு, “பத்தும் கீது, கீது” என்று முணுமுணுத்துக்கொண்டு நகர்வாளாம்.

“எனக்கு முன்னால அந்த மெஷின்ல யாரு இருந்தான்னு கேட்டேன். அந்தம்மா பதிலே சொல்லாமப் போயிட்டாண்ணே. கிறுக்கு போல.”

இசக்கிபாண்டி சிரிக்கவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு இப்படி ஒரு பயம் அதற்குமுன் வந்ததில்லை. இன்டர்வியூ பயம் போனை வைத்ததும் போய்விடும். இது போகிற வழியாகத் தெரியவில்லை. லைனில் நிற்கும்போது எங்காவது டமாரென்று சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போட்டது. சாயங்காலம் மாடிப்படியில் பேச்சிராஜ் ஏறிவருகிற சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போய் முதலில் கையைப் பார்த்தான். கோவிந்தம்மா செய்வதையே தானும் செய்கிறோம் என்பது உறைத்தபோது வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

ஒரு நாள் பேச்சிராஜின் கையுறை நுனி நசுங்கித் தட்டையாகியிருந்தது. உள்ளே விரல் இல்லாத நேரத்தில் அச்சில் மாட்டியதாம்.

“உள்ளதச் சொல்லிருல. எனக்குப் பிரஸ் தெரியாது, வேற வேல குடுங்கன்னு கேளு.”

“எப்படிண்ணே கேக்க? அப்போ போன்ல பேசுனது யாருன்னு வரும். நீன்னு தெரிஞ்சா வானமாமல அண்ணன்லேருந்து எல்லாருக்கும்லா வேல போவும்? நான் பழகிக்கிடுதேன். நீ கெடந்து பதறாத.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. தெருவில் பாதிப் பேருடைய சோறு இவனுடைய ஒரு குரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து இசக்கிபாண்டியின் சொந்த ஒப்பந்தம் முடிந்தது. எங்கெங்கோ சொல்லிவைத்ததில், ஞாயிற்றுக்கிழமை காலை போனில் பேசுவார்கள் என்று தகவல் வந்தது. பேசப்போவது கார்முகில். அடுத்தவன் பெயருக்குள் ஒளிய வழியில்லை. இந்தத் தடவை பேச வேண்டியது இசக்கிபாண்டியேதான்.

சனிக்கிழமை முழுக்க அவன் ஒரு முடிவோடு மல்லுக்கட்டினான். பேச்சிராஜ் கேட்க மாட்டான் என்றால் தானே சொல்லிவிடுவது. சொன்னால் தன் வேலை போகும், பேச்சிராஜ் வேலையும் போகும், தெருவே காறித்துப்பும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பதை நினைக்கவே உடம்பு கூசியது.

காலையில் போன் அடித்ததும் பழைய கூத்தெல்லாம் திரும்ப வந்தது. உள்ளங்கை வேர்த்துப் போன் வழுக்கியது. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இசக்கிபாண்டியா? உன்னப் பத்தி சொல்லுபா.”

ஒன்றும் வரவில்லை.

“ஹலோ? கீறியா, இல்லியா?”

“இருக்கேன் சார்.”

“இந்தக் கொரல எனக்குத் தெர்யும்பா. எங்கியோ கேட்டுகீறேன்.”

மற்ற நாளாக இருந்தால் அந்த இடத்தில் போனை வைத்திருப்பான். “ஆமா சார். பேச்சிராஜ் பேருல நாந்தான் பேசுனேன். அவனுக்குப் பிரஸ் தெரியாது சார். தொட்டதே இல்ல. அவன அந்த மெஷின்லேருந்து எந்திரிக்கச் சொல்லுங்க. என்னைய என்ன வேணா செய்யுங்க” என்று ஒரே மூச்சில் கொட்டினான். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.



“ஆபீசுக்கு வா. நேர்ல பேசிக்கலாம்” என்று கார்முகில் வைத்துவிட்டார்.

ஒரகடம் ஜங்ஷனில், பேக்கரிக்கு மேல்மாடியில் அவருடைய ஆபீஸ். போலீஸைக் கூப்பிட்டிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டே இசக்கிபாண்டி படியேறினான். அவரோ நாற்காலியைக் காட்டி, டீ சொன்னார்.

“பேச்சிராஜ் முத நாளு வந்து நின்னு வாயத் தொறந்தான் பாரு, அப்பவே தெர்யும், போன்ல பேசினவன் இவன் இல்லன்னு. மெசின பாத்து முழிச்சான் பாரு, அதுவும் தெர்யும்.”

இசக்கிபாண்டி நாற்காலி நுனிக்கு வந்தான். “தெரிஞ்சுமா சார் உக்கார வச்சிய?”

“தெரிஞ்சவன் எவன்பா அந்த மெசின்ல குந்துவான்? பிரஸ் தெரிஞ்சவன் மொதல்ல டேப்பத்தான் பாப்பான். பாத்துட்டுப் பூடுவான்.” மேஜைமேல் இருந்த போனை எடுத்து எதையோ தட்டினார். அதிலிருந்து இசக்கிபாண்டியின் குரலே வந்தது. ‘ஆமா சார். ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கேன் சார்.’

“இது ரெக்கார்டுல கீது. நாளைக்கி எதுனா ஆச்சுன்னா, தெரியாதவன ஏன்பா அனுப்பினேன்னு கம்பெனிக்காரன் என்னாண்ட கேப்பான். நான் இத போட்டுக் காட்டுவேன். தெர்யும்னு பொய் சொல்லிக்கினு வந்தது அவன். யாருக்கும் கேசு கிடையாது, நஷ்டஈடு கிடையாது. எனக்கு ஒரு ‘ஆமா’ வேணும். அத யாரு வாய் சொன்னா இன்னா?”

டீ வந்தது. இசக்கிபாண்டி டம்ளரை ஓரமாக நகர்த்தினான். பேச்சிராஜுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததாக அத்தனை நாளும் நினைத்திருந்தான். அவன் கை போகிற அன்றைக்குக் காட்டுவதற்குச் சாட்சி செய்துகொடுத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் விளங்கியது.

“அவன மாத்திவிடுங்க சார். உங்களக் கும்புடுதேன்.”

“மாத்தறேன். நாளைக்கே பேக்கிங்ல போடறேன். நீ நம்ம ஆபீசுக்கு வந்துடு. எனக்கு இன்டர்வியூ பண்றதுக்கு ஆள் வேணும். உங்கூருப் பசங்க என் கொரல கேட்டாலே பேஜாராயி போன வச்சிடறானுங்க. உன் பேச்சு அவனுங்களுக்கு அண்ணன் பேசறாப்ல இருக்கும்.” எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். “அந்த மெசினு ஒரு வாரத்துக்கு மேல சும்மா நிக்கக் கூடாது, அதான் ஒண்ணு. அடுத்த வாரம் திங்கக்கெழம ஆள் வர்லன்னா, உன் தம்பிதான் திரும்ப குந்தணும். ஆள் புடிக்க வேண்டியது உன் பொறுப்பு.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பேச்சிராஜ் பேக்கிங்குக்கு மாறினான். அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. முதல் நாள் வந்ததும் “எப்படிண்ணே முடிச்ச?” என்று இசக்கிபாண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அன்றைக்கு அறையில் பரோட்டா விருந்து நடந்தது. இசக்கிபாண்டிக்கு ஆபீஸ் வேலை என்று தெருவே பெருமைப்பட்டது.

வேலை தேடிப் பெயர் கொடுத்தவர்களை அவன் வரிசையாகக் கூப்பிட்டான். பிரஸ் தெரிந்தவர்கள் எந்தக் கம்பெனி என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் நைஸாக நழுவினார்கள். கார்முகில் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வெள்ளி போனது. சனிக்கிழமை மத்தியானம், கார்முகில் எதிரில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது, விளாத்திகுளம் பக்கத்துப் பையன் ஒருவன் போனை எடுத்தான். பெயர் சுப்பிரமணி. கார்முகிலுக்கும் கேட்கட்டும் என்று போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“உன்னப் பத்திச் சொல்லுப்பா.”

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சை இசக்கிபாண்டிக்கு நன்றாகத் தெரியும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டவனின் மூச்சு அது. மனசு இளகிவிட்டது.

“தம்பி, பதறாத. நானும் உங்க பக்கந்தான், நாங்குநேரி. எனக்கும் இப்படித்தான் இருக்கும். மெல்ல ஒரு மூச்சு விடு. உக்காந்திருந்தா எந்திரிச்சு நில்லு. போன் இருக்கதயே மறந்துட்டு எங்கிட்ட பேசு.”

பையன் மூச்சு விட்டான். மெதுவாகப் பேச்சு வந்தது. அப்பா இல்லை, அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது என்றெல்லாம் சொன்னான். நடுவில் ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தான். இசக்கிபாண்டி கேட்க வேண்டியதைக் கேட்டான்.

“பவர் பிரஸ் ஓட்டியிருக்கியா?”

“இல்லண்ணே. எனக்குத் தெரியாதுண்ணே” என்றான் சுப்பிரமணி. தயங்காமல் சொன்னான். அண்ணன் மாதிரிப் பேசியவனிடம் பொய் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

கார்முகில் பேப்பரை மடித்து வைத்தார். மேஜைமேல் கிடந்த ரெக்கார்டு செய்கிற போனை இவன் பக்கமாக நகர்த்தினார். பேச்சிராஜின் நசுங்கிய கையுறை இசக்கிபாண்டியின் கண்முன் வந்து நின்றது. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு ஞாயிறுதான் இருந்தது.

“தம்பி, வேல வேணும்னா தெரியாதுன்னு சொல்லக் கூடாது” என்றான். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. “போனா சொல்லிக் குடுப்பாவ. நான் இப்ப மறுபடி கேக்கேன். முதல்ல ‘ஆமா சார்’னு ஆரம்பி. பொறவு பயமே இருக்காது.”

ரெக்கார்டு பொத்தானை அமுக்கினான்.

“பவர் பிரஸ் ஓட்டியிருக்கியா?”

“ஆமா சார்” என்றான் பையன்.